குழந்தைகளிடம் பால்வினைத் தொற்று: பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

குழந்தையின் பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ புண், மரு, திரவக் கசிவு, இரத்தக் கசிவு ஆகியவை தென்பட்டாலும், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் இருந்தாலும் தாமதியாமல் மருத்துவரை அணுகுங்கள். சோப்பினால் ஏற்படும் ஒவ்வாமை, கீரிப்பூச்சி, சிறுநீர்த் தொற்று போன்ற சாதாரணக் காரணங்களும் இவற்றுக்கு உண்டு. எது காரணம் என்பதைப் பரிசோதனைதான் உறுதிசெய்யும்.

தொற்று எதை உணர்த்துகிறது?

கொனோரியாவோ சிபிலிஸோ கண்டறியப்பட்டு, அது தாயிடமிருந்து வரவில்லை என்பது தெளிவானால், குழந்தை பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருக்க வாய்ப்பு மிக அதிகம். கிளமிடியா பிரசவத்தின்போது தொற்றிச் சில காலம் உடலில் நீடிக்கக்கூடும். மருக்களும் ஹெர்ப்பிஸும் வேறு வழிகளிலும் பரவலாம். தொற்று இல்லை என்பதாலேயே வன்முறை நிகழவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. பாதிக்கப்பட்ட குழந்தைகள் பலரின் உடலில் எந்தத் தடயமும் இருப்பதில்லை.

குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு அஞ்சுதல், நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்புதல், வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு ஆகியவற்றையும் கவனியுங்கள்.

பரிசோதனை

சிறுநீர், இரத்தம், கசிவு மாதிரி ஆகியவை சோதிக்கப்படும். முடிவு நீதிமன்றத்தில் சான்றாகக்கூடும் என்பதால் மறுசோதனை மூலம் அது உறுதிசெய்யப்படும். தொடக்கத்தில் சில தொற்றுகள் புலப்படாமல் போகலாம். எனவே மருத்துவர் குறிக்கும் நாளில் மீண்டும் வாருங்கள்.

அண்மையில் வன்முறை நிகழ்ந்ததாக ஐயுற்றால், குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடைகளைத் துவைக்காமல் உடனே அழைத்து வாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிப்பார். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம். அவசரச் சிகிச்சைக்குக் காவல்துறைக் கடிதம் தேவையில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

குழந்தை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். "உன்மேல் எந்தத் தவறும் இல்லை" என்று சொல்லுங்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். ஐயத்திற்குரியவரிடம் நீங்களே சென்று கேட்பதும் வேண்டாம். அவர் உறவினராக இருந்தாலும் குழந்தையை அவருடன் தனியே விடாதீர்கள்.

போக்சோ சட்டம், 2012-இன்படி, இத்தகைய குற்றம் பற்றி அறிந்தவர்கள் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர்மீது நடவடிக்கை எடுக்கப்படாது. குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. இலவசக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்நேரமும் அழைக்கலாம். ஐயம் இருந்தாலே போதும். சான்று திரட்டுவது உங்கள் பொறுப்பன்று.