‘நானா’ என்று வந்த நிராகரிப்புக் கடிதம்: தீராத வலியோடு வாழும் முன்னாள் ராணுவ வீரர்கள் மேல்முறையீடு செய்வது எப்படி?

முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது. வலி இடுப்பிலிருந்து பாதம் வரை இறங்குகிறது. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. இப்படிப்பட்ட உடம்போடு ராணுவத்திலிருந்து ஊர் திரும்பியவர் இயலாமை ஓய்வூதியத்துக்கு, அதாவது ‘டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு’ விண்ணப்பிக்கிறார். சில மாதங்களில் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து பதில் வருகிறது: நிராகரிக்கப்பட்டது. காரணம், ‘என்.ஏ.என்.ஏ’.

சேர்த்துப் படித்தால் ‘நானா’. இந்தப் பாதிப்பு ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, ராணுவப் பணியால் அதிகமானதும் இல்லை என்பது அந்த நான்கு எழுத்துச் சுருக்கத்தின் பொருள்.

பல வீடுகளில் விஷயம் இத்தோடு முடிந்துவிடுகிறது. “இந்த வலியோட யாரு கோர்ட்டு கேஸுன்னு அலையிறது?” என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால், சட்டத்தைப் பொறுத்தவரை அந்தக் கடிதம் முடிவு அல்ல. அதற்குப் பிறகும் மூன்று கதவுகள் இருக்கின்றன.

யாருக்குக் கிடைக்கும்?

அடிப்படை நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, பாதிப்பு ராணுவப் பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் தீவிரமாகியிருக்க வேண்டும். இரண்டு, பாதிப்பின் அளவு குறைந்தது 20% இருக்க வேண்டும். பணியிலிருந்து வெளியேறும்போது நடக்கும் மருத்துவ வாரியப் பரிசோதனையில்தான் இந்த இரண்டும் பதிவாகின்றன.

உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு 2014-ல் வந்த சுக்விந்தர் சிங் தீர்ப்பு முக்கியமானது. ஒருவரை உடல்நிலையைக் காட்டி வெளியே அனுப்பினாலே, அவருடைய பாதிப்பு 20 சதவீதத்துக்கு மேல் இருப்பதாகத்தான் கருத வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

வலி என்றால் எங்கே இடிக்கிறது?

குண்டடி பட்டால் தழும்பு இருக்கும். வலிக்குத் தழும்பு இல்லை. முதுகுத்தண்டு தேய்மானம், முழங்கால் மூட்டுத் தேய்மானம் போன்றவற்றை ‘வயதானால் வருவதுதான்’, ‘உடல்வாகு’ என்று மருத்துவ வாரியம் எழுதிவிடுவது உண்டு. ‘பீஸ் ஸ்டேஷனில் இருந்தபோதுதான் வலி தொடங்கியது’ என்பதும் அடிக்கடி சொல்லப்படும் காரணம்.

இந்தக் கடைசிக் காரணத்துக்கு விதியிலேயே பதில் இருக்கிறது. பாதிப்பு போர்முனையில் வந்ததா, அமைதிப் பகுதியில் வந்ததா என்பது பொருட்டல்ல என்று ராணுவ மருத்துவ சேவை விதிமுறைகளின் 423-வது பத்தி சொல்கிறது. பணிச் சூழலுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நிரூபிக்க வேண்டியது யார்?

‘வலி பணியால்தான் வந்தது என்று நான்தான் நிரூபிக்கணுமா?’ நிராகரிக்கப்பட்ட எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது.

தரம்வீர் சிங் 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர். சுமார் 9 ஆண்டுகள் கழித்து, வலிப்பு நோய் என்று சொல்லி 20% பாதிப்புடன் அனுப்பப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று பென்ஷன் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் ஜெயித்தார், இரு நீதிபதிகள் அமர்வில் தோற்றார். கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்.

நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: ஆள் சேர்ப்பின்போது நோய் பற்றி எந்தக் குறிப்பும் இல்லையென்றால், அவர் நல்ல உடல்நிலையில்தான் சேர்ந்தார் என்று கருத வேண்டும். பிறகு உடல்நிலை கெட்டால் அது பணியால் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்வதானால் மருத்துவ வாரியம் காரணத்தை எழுத வேண்டும். சந்தேகத்தின் பலன் வீரருக்கே.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தீர்ப்பு 1982-ம் ஆண்டு விதிகளின் அடிப்படையில் வந்தது. அதன்பின் 2008-லும் 2023 செப்டம்பரிலும் புதிய விதிகள் வந்துவிட்டன. பணிக்காலத்தில் நோய் தெரிந்தது என்பது மட்டுமே போதாது என்கின்றன 2008 விதிகள். அதனால், எந்தத் தேதியில் பணியிலிருந்து வெளியேறினார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எவ்வளவு பணம் வரும்?

100% பாதிப்புக்கு, கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30% இயலாமைத் தொகையாகக் கணக்கிடப்படுகிறது. பாதிப்பு குறையக் குறைய அதே விகிதத்தில் தொகையும் குறையும். ஒருவரின் கடைசி ஊதியம் ரூ.60,000 என்று வைத்துக்கொள்வோம். 100% என்றால் மாதம் ரூ.18,000. 20% என்றால் ரூ.3,600.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பாதிப்பு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை உண்டு. அப்படிப் பார்த்தால் அந்த ரூ.3,600 ரூ.9,000 ஆகிவிடும். முதலில் இது பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றது அரசு. முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பு வந்தது.

மூன்று கதவுகள்

1. முதல் மேல்முறையீடு: நிராகரிப்புக் கடிதம் வந்த 6 மாதங்களுக்குள், ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

2. இரண்டாவது மேல்முறையீடு: அங்கேயும் மறுத்தால், அடுத்த 6 மாதங்களுக்குள் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம்.

3. ஆயுதப்படைத் தீர்ப்பாயம்: 2007-ம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2009-ல் செயல்படத் தொடங்கிய அமைப்பு இது. இறுதி உத்தரவு வந்த 6 மாதங்களுக்குள் மனு போட வேண்டும். ஓய்வு பெற்றவர் தான் வசிக்கும் ஊருக்கு உரிய அமர்விலேயே வழக்குத் தொடரலாம். வேலூர்க்காரர் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. வழக்கறிஞர் ஆஜராகலாம் என்பதால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் வலியோடு பஸ் ஏற வேண்டிய அவசியமும் இல்லை.

தாமதித்தால் என்ன ஆகும்?

கதவு மூடிவிடாது. ஆனால் பணம் போய்விடும். 1983-ல் உடல்நிலை காரணமாக அனுப்பப்பட்ட தர்செம் சிங் 1999-ல்தான் நீதிமன்றம் போனார். 2008-ல் அவர் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பென்ஷன் உரிமையை மறுக்கவில்லை. ஆனால் நிலுவைத் தொகையை, மனு போட்டதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. 2008 விதிகளின்படி, பணியிலிருந்து வெளியேறி 15 ஆண்டுகள் கழித்துக் கோரினால் நிரூபிக்கும் பொறுப்பும் வீரர் தலையிலேயே விழுகிறது.

எல்லா வழக்கும் ஜெயிக்குமா?

ஜெயிக்காது. விடுப்பில் வீட்டுக்கு வந்த இடத்தில் ஸ்கூட்டர் விபத்தில் காயமடைந்த வீரரின் கோரிக்கையை 2011-ல் ஜுஜார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காயத்துக்கும் ராணுவக் கடமைக்கும் தொடர்பு இல்லை என்பதே காரணம். அதனால் ‘வலிக்கிறது’ என்று எழுதினால் மட்டும் போதாது. எந்த வேலை, எத்தனை வருடம், எந்த இடம், எப்போது முதல் சிகிச்சை என்று கோத்துக் காட்ட வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வலியோடு இருப்பவருக்குப் பேப்பர் வேலைதான் பெரிய மலை. அந்த இடத்தில் மகனோ மகளோ கைகொடுக்கலாம்.

● மருத்துவ வாரிய அறிக்கையின் முழு நகலை ரெக்கார்ட் ஆபீஸில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ‘நானா’ என்பதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். மேல்முறையீடு நிற்கும் இடம் அதுதான்.

● பணியில் சேர்ந்தபோது செய்த மருத்துவப் பரிசோதனைப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

● ராணுவ மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டுகள், எம்.ஆர்.ஐ. அறிக்கைகள், இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஸ்கேன் செய்து வையுங்கள்.

● நிராகரிப்புக் கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். 6 மாதக் கணக்குக்கு அந்தத் தேதி உதவும்.

● மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். வீரர்களுக்கும் குடும்பத்தினருக்கும் சட்ட உதவி தர, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது.

அப்பாவோ தாத்தாவோ பீரோவில் மடித்து வைத்த கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது அதன் தேதியை.