நொடிக் கணக்கு

மின்பாதையைக் காக்கும் ரிலேவுக்குத் தரும் எண் பிசகினால், அதுவே பாதி நாட்டை இருளில் தள்ளிவிடும்.

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கிறது கோட்டுகால். இதுபோன்ற தென்னை அடர்ந்த ஊர்களில் மழைக்காற்றில் மட்டை விழுந்து 11 கிலோவோல்ட் கம்பிகள் உரசுவது சகஜம். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். ஆனால் எத்தனை ஊருக்கு?

அதை முடிவு செய்வது சப்-ஸ்டேஷனில் இருக்கும் ரிலே. மின்னோட்டம் எல்லை மீறினால் பிரேக்கரைத் திறக்க உத்தரவிடும் கருவி இது. எல்லை எது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைப் பொறியாளர்தான் கணக்கிட்டுத் தருகிறார். பழுதுக்குப் பக்கத்தில் உள்ள ரிலே முதலில் இயங்க வேண்டும். அதற்கு மேலே உள்ளது சுமார் 0.3 விநாடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளி சரியாக இருந்தால் ஒரு பாதை மட்டும் அணையும். பிசகினால் மேலே உள்ள பிரேக்கர் முந்திக்கொள்ள, வட்டாரமே இருளும்.

உயர் அழுத்தப் பாதைகளில் கணக்கு இன்னும் சிக்கல். அங்குள்ள தூர ரிலே, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பழுது எங்கே என்று கணிக்கிறது. பாதையின் முதல் 80 சதவீதத்தில் பழுது என்றால் உடனே துண்டிக்கும். அதைத் தாண்டினால் சற்றுத் தாமதிக்கும். மூன்றாம் மண்டலம் என்பது அடுத்த பாதைக்கும் மாற்றுக் காவல். வம்பு இங்கேதான்: சுமை ஏறி அழுத்தம் தாழ்ந்தால், வகுத்து வரும் எண் சுருங்கிவிடும். இல்லாத பழுது இருப்பதாக ரிலே ஏமாறும்.

2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு நடந்தது இதுதான். மத்தியப் பிரதேசத்தில் பீனா-குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையின் இணைப் பாதை வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மொத்தப் பளுவையும் சுமந்த மற்றதை மூன்றாம் மண்டல ரிலே துண்டித்தது. பழுது எதுவும் இல்லை, மிகையான சுமையே காரணம் என்றது விசாரணைக் குழு. வட மாநிலங்கள் இருண்டன. மறுநாள் பகலில் மீண்டும் சரிவு. இம்முறை கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொள்ள, சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி பாதிக்கப்பட்டது. 1965 நவம்பர் 9 அன்று அமெரிக்காவின் வடகிழக்கையும் கனடாவின் ஒண்டாரியோவையும் இருட்டாக்கியதும், வளர்ந்துவிட்ட சுமைக்குப் போதாத அளவில் வைக்கப்பட்டிருந்த ஒரு ரிலேதான்.

2012இல் தென்னகம் தப்பியது, அதன் கிரிட் தனியாக இயங்கியதால். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை அதை மற்றவற்றோடு இணைத்தது. பற்றாக்குறை நேரத்தில் வடக்கிலிருந்து கூடுதல் மின்சாரம் வர வழி பிறந்தது. வடக்கின் அதிர்ச்சி வரவும்தான்.

கோட்டுகாலை ஒட்டிய விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வர்த்தகரீதியாக இயங்கத் தொடங்கியது. புதிய பாதை, புதிய டிரான்ஸ்பார்மர், கூடும் சுமை - எது வந்தாலும் பழுது மின்னோட்டமோ சுமை மின்னோட்டமோ மாறும். ரிலேக்குள் இருக்கும் எண் தானாக மாறாது. யாராவது உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டாக வேண்டும்.