வெங்காயம் இல்லாத ஆறு வாரம்

சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகாது, வயிறு உப்பிக்கொள்ளும். இன்று மலச்சிக்கல் என்றால் நாளைக்கு நாலு தடவை கழிப்பறைக்கு ஓட்டம். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாகிவிட்டது, எல்லாமே நார்மல். ‘ஐ.பி.எஸ்.தான், பயப்பட ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் சொல்லி அனுப்புகிறார். வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒன்றை நிறுத்தச் சொல்கிறார்கள். பால் ஆகாது என்கிறார் ஒருவர். பருப்புதான் வாயு என்கிறார் இன்னொருவர். கோதுமை போகிறது, கிழங்கு போகிறது, பழம் போகிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் தட்டில் மிஞ்சியிருப்பது ரசம் சாதமும் சுட்ட அப்பளமும். அப்போதும் வயிறு அடங்குவதில்லை. அடங்காததில் வியப்பில்லை, அந்த ரசத்தில் நாலு பல் பூண்டு தட்டிப் போட்டிருக்கிறது.

குடல் தொல்லைக்கு உணவைக் கட்டுப்படுத்துவது பயனுள்ள வழிதான். ஆனால் எதை, எதற்காக, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. கண்டுபிடித்ததும் மற்றதெல்லாம் தட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

முதலில் நோய் எதுவென்று தெரியட்டும்

வயிற்றுவலி சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வருகிறது. மலம் கழிப்பதோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது, அல்லது மலம் போகும் தடவையும் தன்மையும் மாறுகின்றன. இது மூன்று மாதமாக நீடிக்கிறது. தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகிறது. ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோயை மருத்துவர்கள் ஏறக்குறைய இப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள். இதில் குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடலின் அசைவும், குடலுக்கும் மூளைக்கும் இடையிலான உணர்வுப் பரிமாற்றமும்தான் தடுமாறியிருக்கும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, நடுத்தர வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உணவுப் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோய் இன்னும் இருக்கிறது. கிரோன் நோய் போன்ற குடல் அழற்சி நோய்களும் கூடிவருகின்றன. இவற்றுக்கு மருந்துதான் சிகிச்சை. உணவு துணைக்கு நிற்கலாம், அவ்வளவுதான்.

கோதுமையை நிறுத்தும் முன், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனை சரியான விடை சொல்லும். பல வாரம் நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். தென்னிந்தியாவில் இந்த நோய் வட இந்தியாவைவிட மிகக் குறைவு. அதற்காக இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

குடலுக்குள் நடப்பது

ஐ.பி.எஸ்.ஸுக்கு உலகம் முழுக்க இன்று அதிகம் ஆராயப்பட்டிருக்கும் உணவுமுறை ‘லோ ஃபாட்மேப்’. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005-இல் இந்தப் பெயரை அறிமுகப்படுத்தினார்கள். குடலில் எளிதில் புளிக்கக்கூடிய சில வகைச் சர்க்கரைகளுக்கும் குட்டையான சர்க்கரைச் சங்கிலிகளுக்குமான பொதுப்பெயர்தான் ஃபாட்மேப்.

கோதுமை, வெங்காயம், பூண்டில் இருப்பது ஃப்ரக்டான். பருப்பு, பயறுகளில் இருப்பது காலக்டோ ஆலிகோசாக்கரைடு. பாலில் லாக்டோஸ். மாம்பழம், தேனில் தேவைக்குமேல் இருக்கும் ஃப்ரக்டோஸ். காலிஃப்ளவர், பட்டன் காளானில் மானிடால். ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாய், சூயிங் கம்மில் சார்பிடால், சைலிடால்.

இவை சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. ஃப்ரக்டானையும் பருப்பின் சர்க்கரையையும் உடைக்கும் நொதி மனிதக் குடலில் யாருக்குமே கிடையாது. சில வகைகள் சிறுகுடலுக்குள் தண்ணீரை இழுக்கின்றன. மிச்சம் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்க, வாயு உண்டாகிறது. ஆரோக்கியமானவர் வயிற்றிலும் இதுதான் நடக்கிறது, ஆனால் அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஐ.பி.எஸ். உள்ளவரின் குடல் நரம்புகள் கூர்மையாகிவிட்டதால் அதே அளவு வாயு அவருக்கு வலியாகவும் உப்புசமாகவும் தெரிகிறது. ஆகவே இந்த உணவுகள் ‘விஷம்’ அல்ல. குடலைப் புண்ணாக்குபவையும் அல்ல.

2014-இல் மோனாஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில் ஐ.பி.எஸ். உள்ள 30 பேர் 21 நாள் இந்த உணவையும், 21 நாள் வழக்கமான ஆஸ்திரேலிய உணவையும் சாப்பிட்டார்கள். பத்தில் ஏழு பேருக்குத் தொல்லை குறைந்தது. மீதி மூன்று பேரையும் மறந்துவிடக் கூடாது. எல்லோருக்கும் இது வேலை செய்வதில்லை.

பட்டியலுக்கு முன் பழக்கம்

எடுத்த எடுப்பில் கடும் கட்டுப்பாடு தேவையில்லை. முதலில் நேரத்துக்குச் சாப்பிட்டுப் பாருங்கள். காலை உணவை விட்டுவிட்டு மதியம் இரண்டு மடங்கு சாப்பிடுவது, இரவு பத்தரைக்குப் பரோட்டா, பத்து நிமிடத்தில் தட்டைக் காலிசெய்வது ஆகிய மூன்றையும் மாற்றினாலே பலருக்குப் பாதித் தொல்லை குறையும். டீ, காபி ஒரு நாளைக்கு மூன்று கோப்பைக்குள் நிற்கட்டும். கேஸ் நிரப்பிய குளிர்பானம், எண்ணெயில் பொரித்தது, மது ஆகியவற்றைக் குறையுங்கள். மிளகாய்க் காரத்துக்கும் ஃபாட்மேப்புக்கும் தொடர்பில்லை. ஆனாலும் கூர்மையான குடலை அது தனியாகவே சீண்டும். இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்து, நிறையத் தண்ணீரோடு, பலருக்கு உதவுகிறது. இதையெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால்தான் அடுத்த கட்டம்.

எது தட்டில் இருக்கலாம்?

இந்த உணவுமுறையில் நம் சமையலுக்குப் பெரிய பலம் அரிசி. அதன் மாவுச்சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். சோறு, இடியாப்பம், அரிசிப் புட்டு, அவல், அரிசி சேமியா எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். முட்டை, மீன், கோழி, ஆட்டிறைச்சியில் இந்தச் சர்க்கரைகள் இல்லை. அவற்றோடு சேரும் மசாலாவில்தான் சிக்கல்.

காய்களில் கேரட், உருளைக்கிழங்கு, வெள்ளரி, முள்ளங்கி, பாலக்கீரை ஆகியவற்றால் தொல்லை வருவது குறைவு. பீன்ஸ், கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளியை அளவோடு, ஒரு சின்னக் கிண்ணம் வைத்துக்கொள்ளலாம். பழங்களில் ஆரஞ்சு, அன்னாசி, பப்பாளி, நன்றாகப் பழுத்த கொய்யா சரிப்படும். வாழைப்பழம் கெட்டியாக, சற்றுக் காய்வெட்டாக இருக்கும்வரை பரவாயில்லை. தோல் கறுக்கும்வரை கனியவிட்டால் ஃப்ரக்டான் கூடிவிடும். வேர்க்கடலை ஒரு கைப்பிடி தின்னலாம்.

ஒதுக்க வேண்டியவை: கோதுமை மாவு, மைதா, ரவை, கோதுமைச் சேமியா, வெங்காயம், பூண்டு, மாம்பழம், ஆப்பிள், பேரிக்காய், தர்ப்பூசணி, தேன், காலிஃப்ளவர், பட்டன் காளான், முந்திரி, பிஸ்தா, பேரீச்சை, குவியலாகப் பருப்பு, சுண்டல்.

அளவும் முக்கியம். அனுமதித்த காய் என்பதற்காகக் கத்தரிக்காய்க் கூட்டு, வெண்டைக்காய்ப் பொரியல், தக்காளித் தொக்கு மூன்றையும் ஒரே வேளையில் நிறையப் போட்டுக்கொண்டால், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தே எல்லை தாண்டிவிடும்.

வெங்காயமும் பூண்டும்

நம் வீடுகளில் இந்த உணவுமுறை சறுக்குவது இங்கேதான். சாம்பாரில் போட்ட வெங்காயத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டால் போதாதா? போதாது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும். வெங்காயம் குழம்பில் கொதிக்கும்போதே அது குழம்பில் இறங்கிவிடும். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் இரண்டும் இதில் ஒன்றுதான்.

அதே வேதியியல் நமக்கு ஒரு வழியும் விடுகிறது. ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் முழுப் பூண்டுப் பற்களைப் போட்டு, பொன்னிறம் வந்ததும் ஒரு பல் விடாமல் எடுத்துவிடுங்கள். வாசனை எண்ணெயில் தங்கிவிடும். அதன்பிறகு கடுகு, கறிவேப்பிலை போட்டுத் தாளிக்கலாம். புளித்தண்ணீரோ தக்காளியோ சேர்ப்பதற்கு முன் பூண்டை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். வீட்டில் செய்த பூண்டு எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைத்திருந்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு.

வெங்காய வாசனை வேண்டுமென்றால் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை நறுக்கிப் போடலாம். வெள்ளைக் குமிழ் ஆகாது. பெருங்காயம், இஞ்சி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, கொத்தமல்லி இருந்தால் சமையல் சப்பென்று போய்விடாது. திவசச் சமையலும் பல கோயில் மடைப்பள்ளிகளும் வெங்காயம், பூண்டு இல்லாமல்தான் இத்தனை காலமாக நடக்கின்றன. மிளகுக் குழம்பு, புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் கைவசம் இருக்கும் பட்டியல்தான்.

பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். ஒரு சிட்டிகையால் ஐ.பி.எஸ். உள்ளவருக்குப் பெரிய பாதிப்பில்லை. சீலியாக் உள்ளவர் தொடக் கூடாது. ரெடிமேட் மசாலாப் பொடி, சிப்ஸ், சூப் பாக்கெட்டுகளில் ‘வெங்காயத்தூள், பூண்டுத்தூள்’ இருக்கிறதா என்றும் படியுங்கள்.

பருப்பும் பாலும்

சைவம் சாப்பிடுபவருக்குப் பருப்பை அடியோடு நிறுத்தினால் புரதம் போய்விடும். அளவைக் குறைத்து, செய்முறையை மாற்றுவதே நல்லது. பயறுகளை இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரையும் வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட்டால் வாயு உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி அதோடு போய்விடும். இட்லி மாவு புளிக்கும்போது அதே சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிரிகள் நமக்கு முன்பே தின்றுவிடுகின்றன. அதனால் உளுந்தவடை சேராதவருக்கும் இட்லி சேரக்கூடும். ஆனால் ஓட்டல் சாம்பாரில் மிதக்கும் இட்லி வேறு கணக்கு.

200 மில்லி பாலில் ஏறக்குறைய 9 முதல் 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. லாக்டோஸ் சேராத பெரியவர்கள்கூட, சாப்பாட்டோடு குடித்தால், சுமார் 12 கிராம்வரை தாங்கிக்கொள்வதுண்டு. ஆகவே காபியில் விடும் கால் டம்ளர் பாலைக் குற்றவாளியாக்க அவசரப்பட வேண்டாம். தயிரில் லாக்டோஸ் குறைவு, நீர்மோரில் இன்னும் குறைவு. நெய்யிலும் வெண்ணெயிலும் அநேகமாக இல்லை.

ஒரு நாள் சாப்பாடு

காலையில் இட்லி அல்லது தோசை. தொட்டுக்கொள்ளத் தேங்காய், இஞ்சி, பச்சைமிளகாய், ஒரு ஸ்பூன் வேர்க்கடலை வைத்து அரைத்த சட்னி, பொட்டுக்கடலை வேண்டாம். மதியம் சோறு, பூண்டில்லாத மிளகு ரசம், கேரட் பீன்ஸ் பொரியல், முட்டை அல்லது தக்காளி, புளி, தேங்காய் அரைத்துவிட்ட மீன் குழம்பு, நீர்மோர். மாலையில் ஒரு ஆரஞ்சு அல்லது கைப்பிடி வேர்க்கடலை. இரவில் இடியாப்பமும் உருளைக்கிழங்கு மிளகு வதக்கலும். பட்டினி கிடப்பதாக யாரும் சொல்ல முடியாது.

திரும்பச் சேர்ப்பதே முக்கியம்

இந்தக் கடுங்கட்டுப்பாடு இரண்டிலிருந்து ஆறு வாரம்தான். அதற்குள் மாற்றம் ஏதும் தெரியவில்லை என்றால் இது உங்களுக்கான வழியல்ல என்று விட்டுவிட்டு, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி, மருத்துவரோடு வேறு வழி பேசுங்கள். வயிறு அடங்கியிருந்தால் அதே உணவில் காலம் தள்ளவும் ஆசைப்படாதீர்கள். பெருங்குடலில் நன்மை செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கு உணவே இந்த ஃபாட்மேப்தான். நீண்டநாள் ஒதுக்கினால் அவை குறைகின்றன. சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் குறைந்துவிடக்கூடும்.

இரண்டாம் கட்டத்தில் ஒரு வகையை மட்டும் எடுத்துச் சோதிக்க வேண்டும். மற்ற சாப்பாடு பழையபடியே இருக்கட்டும். கோதுமை என்றால் முதல் நாள் அரைச் சப்பாத்தி, மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் இரண்டு. பால் என்றால் கால் கப், அரை கப், ஒரு கப். தொல்லை வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்த வகை. வெங்காயத்தையும் பூண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்று சேராதவருக்கு மற்றது சேரலாம். என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிட்டீர்கள், வயிறு என்ன சொன்னது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அன்றைய தூக்கம், மனஅழுத்தம், மாதவிடாய் நாள்களையும் குறியுங்கள். இல்லையென்றால் பழி சப்பாத்தி மேல் விழும்.

பலருக்கு எல்லா வகையும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. ஒன்றிரண்டு மட்டுமே தொல்லை தரும், அதுவும் ஓர் அளவுக்கு மேல்தான். குழம்பில் இரண்டு சின்ன வெங்காயம் சரி, வெங்காயப் பச்சடி ஆகாது என்று தெரிந்துவிட்டால் அதுவே போதுமான விடை.

யார் தனியாக இறங்கக் கூடாது?

குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஏற்கெனவே எடை குறைந்தவர்கள், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உணவைக் கண்டாலே பயப்படும் நிலைக்கு வந்துவிட்டவர்கள் ஆகியோர் உணவியல் நிபுணர் துணையில்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. ‘உங்களுக்குச் சேராத உணவுகள்’ என்று நீளமான அறிக்கை தரும் ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனைகளுக்கும் பணம் கட்டாதீர்கள். ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புரதம், நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதற்கு மேல் பெரிதாக எதையும் சொல்வதில்லை.

உணவியல் நிபுணரிடம் போகும்போது ஒரு வாரச் சாப்பாட்டுக் குறிப்பையும், இதுவரை நீங்களாக நிறுத்திய உணவுகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். எதையெல்லாம் திரும்பச் சேர்க்கலாம் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.