வந்தது யார்?

1908 மே 2. பொழுது விடியும் முன்பே கல்கத்தாவில் பல வீடுகளைப் போலீஸ் ஒரே நேரத்தில் வளைத்தது. முசாஃபர்பூரில் குண்டு வெடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்று பிடிபட்டவர்களில் ஒருவர் அரவிந்த கோஷ். இன்னொருவர் குண்டு செய்யும் வித்தை தெரிந்த உல்லாஸ்கர் தத், வயது 23. ஓராண்டு கழித்து, 1909 மே 6 அன்று தீர்ப்பு வந்தது. அரவிந்தருக்கு விடுதலை. உல்லாஸ்கருக்கும் அரவிந்தரின் தம்பி பாரீந்திரருக்கும் தூக்கு. மேல்முறையீட்டில் தூக்கு ஆயுள்கால நாடுகடத்தலாகக் குறைந்தது. இருவரும் அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

சிறையில் அரவிந்தருக்கும் உல்லாஸ்கருக்கும் அங்கே இல்லாதவர்களின் குரல் கேட்டது. ஒருவரை நாடு யோகி என்று கொண்டாடியது. மற்றவரை அரசு பைத்தியம் என்று எழுதி, கடைசியில் நம் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பியது.

அரவிந்தர் அலிப்பூர் சிறையில் இருந்த அறை ஒன்பதடி நீளம், ஐந்தாறு அடி அகலம். முதல் சில நாள்களில் மனம் கட்டுக்கு அடங்காமல் ஓடியதையும், தனிமைச் சிறையில் மனிதர்கள் எப்படிப் பித்தாகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்ததையும் பின்னாளில் அவரே எழுதினார். செவ்வெறும்புகள் கட்டெறும்புகளைத் தாக்குவதைப் பார்த்துக்கொண்டு பொழுதைக் கழித்திருக்கிறார். பிறகு பிரார்த்தனை, பிறகு ஓர் அமைதி. மறைந்து ஆறாண்டு ஆகியிருந்த விவேகானந்தரின் குரல் ஏறத்தாழ இரண்டு வாரம் தன்னோடு பேசியது என்றார். நீதிபதியிடமும் அரசு வக்கீலிடமும் திருடர்களிடமும் வாசுதேவனையே கண்டதாக 1909 மே 30 அன்று உத்தர்பாராவில் கூட்டத்தின் முன் சொன்னார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். மீதிக் கதையைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உல்லாஸ்கர் போய்ச் சேர்ந்தது போர்ட் பிளேயர் செல்லுலார் சிறை. ஏழு கைகளுடன் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் நோக்கமே தனிமைதான். ஏறத்தாழ எழுநூறு அறைகள். ஒரு வரிசை அறைகளின் வாசல் அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும். எதிரில் மனித முகமே தெரியாது. செக்கிழுத்தார், செங்கல் சூளையில் வெயிலில் வெந்தார். 1912இல் இனி வேலை செய்ய முடியாது என்று மறுத்துவிட்டார். சுவரில் கைவிலங்கு மாட்டி நாள்கணக்கில் நிற்கவைத்தார்கள். காய்ச்சல் ஏறி, விலங்கில் தொங்கிய நிலையில் நினைவிழந்து கிடந்தார். குரல்களும் காட்சிகளும் வந்தன. மருத்துவ அதிகாரி பேட்டரி மின்சாரத்தை உடம்பில் பாய்ச்சியதையும், நரம்பெல்லாம் அறுபட்டதுபோல் வலித்ததையும் அவர் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அரசின் விளக்கம் சுருக்கமானது: மலேரியாவால் வந்த மனநோய், சிறைக் கொடுமைக்கு இதில் பங்கில்லை. ஹாடோவில் இருந்த பைத்தியக்கார விடுதி, பிறகு சென்னை என்று கழித்துவிட்டு 1920இல்தான் வெளியே வந்தார்.

உல்லாஸ்கரும் யோகிதான், வெள்ளைக்காரனுக்குத்தான் புரியவில்லை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அப்படி எழுதினால் அவர் பட்ட வதை மறைந்துபோகும். அரவிந்தருக்கும் மூளைக்கோளாறுதான் என்பது அதைவிடச் சோம்பேறித்தனமான வாதம். எப்போது, எந்த நிலையில் குரல் வருகிறது என்பது முதல் கேள்வி. வந்ததற்கு யார் என்ன பெயர் வைக்கிறார்கள் என்பது இரண்டாவது. இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதல் கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளரின் குழு 1950களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தது. மாணவர்களுக்கு நாளுக்கு 20 டாலர் கூலி; அந்தக் காலத்தில் அது நல்ல காசு. வேலை, சும்மா படுத்திருப்பது. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது என்ற மாதிரிக் கண்ணாடி; கைகளுக்கு அட்டை உறை; காதுக்கு இருபுறமும் தலையணை. இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்கியவர்கள் குறைவு. பலருக்குக் காட்சிகள் தோன்றின. ஒருவருக்குத் தோளில் சாக்குப்பையுடன் அணில்கள் வரிசையாக நடந்து போயின! மூளை, செய்தி வருவதற்காகக் காத்திருக்கும் உறுப்பல்ல. அடுத்து என்ன வரும் என்று ஊகித்து உலகத்தை அது முன்கூட்டியே வரைந்துகொண்டே இருக்கிறது. புலன்கள் அதைத் திருத்துகின்றன. திருத்த ஆளில்லாதபோது ஊகமே காட்சியாகிவிடும்.

குரலுக்கும் இதையொட்டிய விளக்கம் உண்டு. மனசுக்குள் பேசும்போது, ‘இது நம் பேச்சுதான்’ என்ற முன்னறிவிப்பு ஒன்றை மூளை தன் செவிப்புலப் பகுதிக்கு அனுப்புகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கடும் காய்ச்சல், தூக்கமின்மை, தனிமை, துக்கம் போன்றவற்றால் அந்த அறிவிப்பு தவறினால், தன் எண்ணமே அடுத்தவர் பேச்சாகக் கேட்கும். ஆனால் அந்தக் குரல் ஏன் விவேகானந்தராக இருந்தது, ஏன் அணிலாக இல்லை என்பதற்கு நரம்பணுக்களிடம் பதில் கிடையாது. சிறைக்குப் போவதற்கு நான்கு மாதம் முன்புதான் அரவிந்தர் பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்ற யோகியிடம் மனத்தை நிசப்தமாக்கப் பயின்றிருந்தார். சிறையில் கீதையும் உபநிடதமும் கிடைத்தன. முற்றத்தில் காலை மாலை நடக்க அனுமதியும் கிடைத்தது. வரப்போகும் விருந்தாளிக்கு வீடு தயாராக இருந்தது. உல்லாஸ்கருக்குக் கிடைத்தவை விலங்கும் மலேரியாவும்.

அந்தமானிலேயே, அந்தச் சிறை மதிலுக்கு வெளியே, இரண்டாவது கேள்விக்கு வேறு பதில் வைத்திருந்தவர்கள் வாழ்ந்தார்கள். சிறை கட்டி முடிந்த அதே 1906இல் மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் தீவில் வந்து இறங்கினார். பிரிட்டிஷார் குடியேறியபோது ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர், தட்டம்மையும் மேகநோயும் வாரிக்கொண்டு போக, 1901 கணக்கெடுப்பில் 625 பேராகச் சுருங்கியிருந்தார்கள். அவர்களிடையே ‘ஓகோ-ஜுமு’ என்று சிலருக்குப் பெயர். ஆவிகளோடு தொடர்பு ஏற்பட்டவர்தான் ஓகோ-ஜுமு ஆக முடியும். அதற்கு வழிகள் மூன்று. செத்துப் பிழைப்பது, அதாவது நெடுநேரம் நினைவிழந்து கிடந்து எழுவது. காட்டில் தனியாக அலையும்போது ஆவிகளிடம் சிக்குவது. இல்லையென்றால் கனவு. அப்படி ஆனவர் நோய்க்கு மருந்து சொல்வார், புயலை அடக்குவார். வேட்டையில் கிடைத்ததில் அவருக்கு நல்ல பங்கு போகும். ஜனங்களுக்கு அவரிடம் மரியாதையும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

நினைவிழந்து கிடந்து, குரல் கேட்டு எழுந்த ஒருவர் மதிலுக்கு அந்தப்பக்கம் ஓகோ-ஜுமு. இந்தப்பக்கம் ஹாடோ விடுதியின் நோயாளி.

தெற்கே லிட்டில் அந்தமானில் ஓங்கே மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தூங்கும்போது உள்ளிருக்கும் ஆவி வெளியே போய், பகலில் உடம்பு அங்கங்கே விட்டுவந்த வாசனைகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்புகிறது. அதுதான் கனவு என்பது அவர்கள் கணக்கு. அவர்களோடு தங்கி ஆராய்ந்த விஷ்வஜித் பாண்ட்யா, கனவுகளை அவர்கள் கூடி உட்கார்ந்து பேசுவதை விவரிக்கிறார். ஒருவர் கனவோடு அடுத்தவர் கனவை இழை சேர்த்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருள் கிடைக்கும்வரை பேச்சு நீளும். கண்டவர் ஒருவராக இருந்தாலும் பொருள் சொல்வது ஊர்.

நமக்கும் இது புதிதல்ல. கோயில் கொடையில் ஒருவர் ஆடத் தொடங்கினால் கூட்டம் உடனே கும்பிட்டுவிடுவதில்லை. ‘வந்திருக்கிறது யாரு? பேரச் சொல்லு’ என்று கேட்கிறது. சாமியா, பேயா, செத்துப்போன பாட்டியா, சும்மா வேஷமா என்று விசாரணை நடக்கும். சாமி என்றால் திருநீறு, பேய் என்றால் வேப்பிலை அடி. எழுதப்படாத நோயறிதல் முறை இது. அடி விழுந்த பலருக்கு அது கொடுமையாகவும் முடிந்திருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது.

உல்லாஸ்கர் கடைசியாக அடைபட்டிருந்த சென்னையிலேயே, ஒரு நூற்றாண்டு கழித்து, இந்தப் பெயர்வைப்பின் வலிமையைக் காட்டிய ஆய்வு நடந்தது. அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மனும் சென்னை, கானா மருத்துவர்களும் கலிபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் குரல் கேட்கும் மனநோயாளிகளிடம், ஊருக்கு 20 பேர் வீதம், பேசிப் பார்த்தார்கள். மூன்று ஊரிலும் நோய் ஒன்றுதான். சான் மேட்டியோவில் குரல்கள் பெரும்பாலும் வன்முறை பேசின. மூளை கெட்டுவிட்டது என்றே கேட்டவர்கள் நினைத்தார்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். பாதிப்பேர் அது பெரும்பாலும் நல்ல அனுபவமே என்றார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பேசியவர்கள் சொந்தக்காரர்கள். திட்டினார்கள், புத்தி சொன்னார்கள், வீட்டு வேலையைப் பார் என்றார்கள். மாமியார் குரலுக்கு மூளைச் சேதம் தேவையில்லை என்று நம்மூரில் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் சொந்தக்காரர் என்று எண்ணும் குரலோடு சண்டை போடலாம், சமாதானமாகலாம். மூளையின் பழுது என்று எண்ணினால் அதோடு பேச வழியில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் இந்த அறிவு நுழைந்திருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, ஒருவரின் பண்பாடும் சமயமும் ஏற்ற அருள்நிலையை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. விரும்பாமல் வந்து, ஆளை வதைத்து, அன்றாட வாழ்வைக் குலைத்தால்தான் அது நோய். இந்த அளவுகோலில் உல்லாஸ்கருக்கு மருத்துவம் தேவைப்பட்டது நிச்சயம். அதைவிட முன்னதாக, விலங்கை அவிழ்ப்பது தேவைப்பட்டது.

லண்டனில் இப்போது ‘அவதார்’ என்ற பெயரிலேயே ஒரு சிகிச்சை இருக்கிறது. நோயாளி தன்னைத் துன்புறுத்தும் குரலுக்கு ஒரு முகத்தைக் கணினித் திரையில் உருவாக்குகிறார். சிகிச்சையாளர் அந்த முகத்தின் வழியே பேசுவார். நோயாளி எதிர்த்துப் பேசப் பழகுவார். 150 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2017இல் வெளியானது. பன்னிரண்டாம் வாரத்தில், வழக்கமான ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களைவிட இவர்களுக்குக் குரல்களின் தொல்லை நன்றாகக் குறைந்திருந்தது. இருபத்துநான்காம் வாரத்தில் பார்த்தபோது இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆறுதலாகப் பேச ஓர் ஆள் கிடைத்தவர்களும் அதற்குள் தேறியிருந்தார்கள்.