ஓடாத வண்டியிற் பற்றரி தேய்வதேன்?

பயன்படுத்தாத பொருள் தேயாது என்பது பலரின் துணிபு. உழாத கலப்பையின் கொழு தேய்வதில்லை. நடவாதவன் செருப்பு அறுவதில்லை. மோட்டார் சைக்கிளின் பற்றரியோ இவ்விதிக்கு அடங்காதது. ஓடும் வண்டியில் அது வாழ்கின்றது. நிற்கும் வண்டியில் நலிகின்றது.

2020ஆம் ஆண்டு பங்குனியிற் கொரோனா நோயின் பொருட்டு ஊரடங்கு வந்தபோது, நம் குடாநாட்டு வண்டிகள் பல வாரம் வீட்டிற் கிடந்தன. 2022ஆம் ஆண்டு ஆனி இறுதியிலே தனியார் வண்டிகளுக்குப் பெற்றோல் விற்பது நிறுத்தப்பட்டது. பின்னர்ப் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றாயிற்று. புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர் சிலர் ஊர்வீட்டில் விட்டுச் செல்லும் வண்டிகளோ விடுமுறைக் காலத்தில் மட்டுமே ஓடுவன. இத்தகைய வண்டியின் பொத்தானை அழுத்தும்போது இயந்திரம் எழாதிருத்தல் வியப்பன்று.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது பற்றரியின் இயல்பு. 1859ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுக் காஸ்தோன் பிளாந்தே அமைத்த ஈயவமிலக் கலத்தின் வழிவந்ததே இன்றைய பற்றரியும். ஈயத் தட்டும் ஈயவீரொட்சைட்டுத் தட்டும் சல்பூரிக்கமிலத்தில் நிற்கின்றன. மின் செலவாகுங்கால் இருவகைத் தட்டுகளும் ஈயச்சல்பேற்றாக மாறுகின்றன. நாம் மின்னை எடாவிடினும் இம்மாற்றம் மெல்ல நிகழ்ந்துகொண்டேயிருக்கும். வெப்பநிலை ஏறக்குறைய 10 பாகை உயருந்தோறும் இதன் வேகம் இருமடங்காகும் என்பர். எனவே தகரக் கொட்டிலில் வெயிலிற் காயும் பற்றரி விரைவில் வலுவிழக்கும்.

இரண்டாவது காரணம் வண்டியின் சிறு கசிவு. மணிகாட்டி, திருட்டெச்சரிக்கைக் கருவி முதலியன திறப்பை எடுத்த பின்னரும் சிறிது மின்னை உண்பன. அது 5 மில்லியம்பியர் என்று கொள்வோம். 5 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரி 1000 மணி நேரத்தில், அஃதாவது 42 நாட்களில், முற்றும் வெறுமையாகும். இயந்திரத்தைச் சுழற்றும் வலுவோ அதற்கு நெடுநாள் முன்னரே போய்விடும்.

மின் குறைவது பெருங்கேடன்று. குறைந்த நிலையிற் கிடப்பதே கேடு. தட்டுகளிற் படிந்த சல்பேற்று நாளடைவிற் பெரிய பளிங்குகளாக இறுகும். இறுகியபின் மீள மின்னேற்றினும் அது கரைந்து பழைய நிலையடைதல் அரிது. மிதித்து எழுப்பும் பழைய வண்டிகள் சில பற்றரியின்றியும் ஓடும். எரிபொருளை மின்னாற் செலுத்தும் புதுவண்டிகளுக்குப் பற்றரியே உயிர்.

கிழமைக்கு ஒருமுறை வண்டியை எழுப்பி ஐந்து நிமிடம் நின்றவாறே ஓடவிட்டாற் போதும் எனச் சிலர் கருதுவர். எழுப்புவதற்குச் செலவான மின்னைக்கூட அவ்வோட்டம் திருப்பித் தராமற் போகலாம். அரைமணி நேரமேனும் வீதியில் ஓடுதலே நன்று. அதற்கு வழியில்லையேல், முதலில் மறைமுனைக் கம்பியைக் கழற்றுக. நேர்முனையை முதலிற் கழற்றினால், சாவி வண்டியின் சட்டத்திற் பட்டுத் தீப்பொறி எழக்கூடும். பின்னர் மாதம் ஒருமுறை உவோற்றுமானியால் அளக்க. ஓய்ந்திருக்கும் நிறைந்த பற்றரி 12.6 முதல் 12.8 உவோற்று வரை காட்டும், 12.4 இற்குக் குறைந்தால் மின்னேற்றுக. 5 அம்பியர்-மணிப் பற்றரிக்கு அரை அம்பியர் அளவு ஏற்றது. அப்போது ஐதரசன் வாயு எழுமாதலின் காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். விளக்கும் சுருட்டும் அருகே ஆகா. நீர் ஊற்றும் வகையாயின் காய்ச்சிவடித்த நீரே ஊற்றுக. நமது சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர் உப்புச் செறிந்தது.

இவ்வளவு பேணுதல் பணத்துக்காக மட்டுமன்று. காலத்துக்கு முன் செத்த ஒவ்வொரு பற்றரியும் ஈயமும் அமிலமும் நிறைந்த ஒரு நச்சுப் பொதி. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. வற்றாத ஆறில்லாக் குடாநாட்டில் நாம் பெரிதும் நம்பியிருப்பது நிலத்தடி நீரையே. ஆதலின் பழம் பற்றரியைக் கிணற்றடியிலோ வேலியோரத்திலோ எறியாது, அதனை ஏற்கும் வணிகரிடம் ஒப்படைத்தல் வேண்டும். மாணவர்கள் இச்சிறு பணியைத் தத்தம் வீடுகளில் ஏற்பாராயின், ஊர் திரும்புவோருக்கு வண்டியும் ஓடும், கிணறும் கெடாது.