மணலில் ஓட வண்டி எடுக்கும் முன்...

1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு 2017 வரை தார்ச்சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிஞ்சிடும். அதற்கு அப்பால் மணல்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பையோ வேனையோ பயணிகள் வாடகை பேசி எடுப்பார்கள். அப்படி ஒரு வேன் ஓட்டியவர் என் அப்பா. பள்ளிக்கூடம் போகாதவர்.

மணலில் இறங்குமுன் டயர் காற்றைப் பாதியாகக் குறைப்பார். "ஏம்ப்பா?" என்று கேட்டால், "குதிகாலை ஊனி நட, புதையும். பாதத்தைப் பரப்பி நட, புதையாது" என்பார்.

'அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது' என்று மெக்கானிகல் வகுப்பில் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. காற்று குறைந்தால் டயர் சப்பையாகி, தரையில் படும் பரப்பு கூடும், பாரம் பரவும். ரோட்டில் 32 பவுண்டு என்றால் மணலில் சுமார் 18 போதும்.

நீங்களும் கடற்கரைக்கு இப்படி வண்டி எடுத்தால், முன்சக்கரம் நிஜமாவே இழுக்குதா என்று முதலில் ஓட்டிப் பாருங்கள். மண்வெட்டி, கயிறு, காற்றடிக்கும் பம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சக்கரம் சுழன்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், குழி ஆழமாகும். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை நிரப்புங்கள், இல்லையேல் டயர் சூடாகி வெடிக்கலாம். உப்பு பட்ட அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. ஊருக்கு நல்லது, அப்பா வேனுக்கு வேலை போச்சு. இப்போது ஆட்டோ ஓட்டித்தான் எனக்குப் பீஸ் கட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான்.

போன லீவில் அந்தச் சூத்திரத்தை அப்பாவுக்கு எழுதிக் காட்டினேன். "இதத்தானடா அப்பவே சொன்னேன்!" என்று சிரித்தார்.