மலைநாட்டு நன்னீர் மீன்களை இனங்கண்டறிதல்

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் மரக்கறித் தோட்டமும் பள்ளத்தாக்கு வயலும் செய்வோரிற் பலர், ஓய்வு நாட்களில் ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் தூண்டில் இடுகின்றனர். பிடிபட்ட மீன்களைப் பெரியவை, சிறியவை என்று மட்டும் பிரித்து, அனைத்தையும் பையில் இடுவதே வழக்கமாயிருக்கிறது. மீனின் இனத்தை அறியாதவர், எதை வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம், எதை மீண்டும் நீரில் விடவேண்டும் என்று தீர்மானிக்க இயலாது. இங்குள்ள மீன்களுட் சில, இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. அவை அழிந்தால் ஈடுசெய்ய வழியில்லை. ஆகையால் அவற்றை இனங்கண்டுகொள்ளும் முறையை இங்கே கூறுவோம்.

வந்த மீன்களும் சொந்த மீன்களும்

மலைநாட்டில் இன்று மிகுதியாய்த் தூண்டிலில் அகப்படுபவை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இனங்களே. பழுப்பு நிற டிரவுட் மீன் 1882-இல் வந்தது. வானவில் டிரவுட் அதன் பின்னர் வந்தது. கார்ப் மீன் 1915-இலும், திலாப்பியா 1952-இலும் இந்நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டன.

பின்னர் காசல்ரீ அணை 1965-இலும், மவுஸ்ஸாகலை அணை 1969-இலும், கொத்மலை அணை 1985-இலும் கட்டி முடிக்கப்பட்டன. பாய்ந்தோடிய நீர் தேங்கி நின்றது. தேங்கிய நீர் கார்ப், திலாப்பியா ஆகியவற்றுக்கு ஏற்றதாயிற்று. பாறைகளுக்கிடையே ஓடும் நீரிலேயே வாழத்தக்க சொந்த மீன்கள், மேலேயுள்ள ஓடைகளில் ஒதுங்கலாயின.

எவ்வாறு பார்ப்பது?

மீன் கைக்கு வந்ததும் முதலில் முதுகுச் செட்டையையும், அடுத்து மீசையையும், மூன்றாவதாக வாயின் அமைப்பையும் பாருங்கள். நிறத்தைக் கடைசியிற் பாருங்கள். நீரின் தன்மைக்கும் மீனின் வயதுக்கும் ஏற்ப நிறம் மாறுமாதலால், அதனை மட்டும் நம்புதல் கூடாது.

கார்ப்: முதுகுச் செட்டை நடு முதுகிலிருந்து வாற்பக்கம் வரை நீண்டிருக்கும். வாயோரத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு மீசைகள் உண்டு. அடிச்சேற்றைக் கிளறி இரை தேடும்.

மகசீர்: இதற்கும் நான்கு மீசைகள் உண்டு. ஆகவே கார்ப் என்று தவறாக எண்ணுவோர் உளர். ஆனால் இதன் முதுகுச் செட்டை குறுகியது. செதில்கள் மிகப் பெரியவை. சிங்களத்தில் ‘லெஹெல்லா’ எனப்படும் இம்மீன், கீழ்ச் சரிவுகளிலுள்ள ஆறுகளில் வாழ்வது. இது நம் நாட்டுச் சொந்த மீன்.

திலாப்பியா: மீசை இல்லை. உடல் அகன்று தட்டையாயிருக்கும். முதுகுச் செட்டையின் முன்பகுதி கூரிய முட்களாலானது. கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும்.

டிரவுட்: முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் இடையே, முள்ளற்ற சிறிய சதைச் செட்டை ஒன்று இருக்கும். செதில்கள் மிகச் சிறியவை. வானவில் டிரவுட்டின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும். பழுப்பு டிரவுட்டின் உடலிற் கரும்புள்ளிகளும் செம்புள்ளிகளும் காணப்படும். குளிர்ந்து தெளிந்த நீரிலன்றி இவை வாழா.

விலாங்கு: பாம்பைப் போன்றிருப்பினும், தலைக்குப் பின்னே இருபுறமும் சிறு செட்டைகள் உண்டு. தண்ணீர்ப் பாம்புக்கு அவை இல்லை. கடலிற் பிறந்து ஆற்றில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மீண்டும் கடலுக்குச் செல்லும் மீன் இது. அணைகள் இதன் பயணத்துக்குத் தடையாயுள்ளன.

கல் பண்டியா: சிங்களத்தில் இப்பெயர் பெற்ற சிறு மீன், வாய் தலையின் அடிப்புறத்தில் அமைந்தது. தாடையின் கீழுள்ள வட்டினாற் பாறையைப் பற்றிக்கொண்டு, வேகமான நீரிலும் நிலைத்து நிற்கும்.

கடயா: இதுவும் சிங்களப் பெயரே. மகாவலி கங்கையின் மேற்பகுதியிலும் அதன் கிளைகளிலும் மட்டுமே வாழ்வது. பாறையும் வேக நீரும் உள்ள ஆழமான இடங்களை நாடும். உடல் கரும்பச்சை நிறம், முதுகுச் செட்டை குறுகியது, வாய் கீழ்நோக்கியது. உலகில் அழியும் அபாயத்திலுள்ள மீன்களுள் ஒன்றாக இது கணிக்கப்பட்டுள்ளது.

மருந்தும் மண்ணும்

தூண்டிலினால் உண்டாகும் சேதத்தைவிட நம் தோட்டங்களினால் உண்டாகும் சேதமே பெரிதாகலாம். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவா ஆகியவற்றுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்துகளுட் பல, மீன்களுக்குச் சிறு அளவிலேயே நஞ்சாகும். தெளிகருவியை ஓடையிற் கழுவினால் அந்த நஞ்சு நேரே நீரில் கலக்கிறது. சரிவில் அணைகட்டாது மண்ணைக் கொத்தினால், மழையில் அடித்துச் செல்லப்படும் மண் கற்களின் இடுக்குகளை மூடிவிடும். கற்களை அண்டி வாழும் மீன்களுக்கு அப்பால் இடமேது?

முன்னர் கற்களில் மீன்கள் ஒட்டியிருந்த ஓடையில் இன்று ஒன்றையும் காணவில்லையெனில், அந்த நீரைப்பற்றி ஐயுறவேண்டும். அதே நீரையே கீழேயுள்ள லயங்களிலும் கிராமங்களிலும் வாழ்வோர் குடிக்கவும் குளிக்கவும் கூடும் என்பதை மறவாதீர்கள்.

கவனிக்கவேண்டியவை

1. கடயா, கல் பண்டியா, மகசீர் ஆகியவை அகப்பட்டால், கையை நனைத்துக்கொண்டு மீனைப் பற்றி, தூண்டில் முள்ளை மெதுவாகக் கழற்றி, பிடித்த இடத்திலேயே விடுங்கள். இனம் தெரியாத மீனையும் அவ்வாறே விடுங்கள்.

2. கார்ப், திலாப்பியா ஆகியவற்றைத் தயங்காது உணவுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றின் குஞ்சுகளை உயிருடன் வேறோர் ஓடைக்குக் கொண்டுசென்று விடவேண்டாம். கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன்களுக்கும் இது பொருந்தும்.

3. நீரில் செத்து மிதக்கும் மீனை உண்ணாதீர்கள்.

4. வெடியோ நஞ்சோ கொண்டு மீன்பிடித்தல் 1996-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமாகும். 1988-இல் தேசிய வனமாக்கப்பட்ட ஹோர்ட்டன் சமவெளியில் அனுமதியின்றி மீன்பிடித்தல் கூடாது.

5. தெளிகருவியை ஓடையிலிருந்து விலகிய நிலத்திற் கழுவுங்கள். வெற்று மருந்துப் போத்தல்களை நீரில் எறியாதீர்கள். ஓடைக்கரையில் ஒரு பட்டி நிலத்தைக் கொத்தாது புல் வளரவிடுங்கள்.

6. பிடித்த மீன், இடம், திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். சில ஆண்டுகளில் உங்கள் ஓடையின் நிலைமையை அக்குறிப்பே தெளிவாகக் காட்டும்.

மீனை இனங்கண்டறியப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. செட்டையையும் மீசையையும் வாயையும் சற்று நின்று பார்க்கும் பொறுமை போதும். இதனை உங்கள் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.